மார்கழி சீசனுக்கு முதல்முறை சென்னை வருகிறவருக்கு: பெயரைத் துரத்தாமல் நேரத்தையும் தூரத்தையும் பாருங்கள்

மார்கழி சீசன் என்பது டிசம்பரில் சென்னை முழுக்க நடக்கும் கர்நாடக இசை, நாட்டியக் கச்சேரிகளின் மாதம். அதற்கு வருகிற ஒருவரின் கேள்வி இதுதான்: "டிசம்பர் கடைசியில் ஏழு நாள் சென்னையில் இருப்பேன். பாட்டு பிடிக்கும், ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. கேட்க வேண்டிய பெரிய வித்வான்களின் பட்டியல் ஒன்று கையில் இருக்கிறது. எங்கே தங்கி, எப்படிச் சமாளிப்பது?"

முதல் வேலையாக அந்தப் பட்டியலை மடித்துப் பையில் வையுங்கள். அதில் உள்ள ஒவ்வொருவரும் இந்த ஒரு மாதத்தில் கச்சேரி நடத்தும் ஐந்தாறு சபாக்களிலாவது பாடுவார்கள். இன்று மியூசிக் அகாடமியில் டிக்கெட் கிடைக்காமல் போனவரையே நாலு நாள் கழித்து மயிலாப்பூரில் அதைவிடச் சின்ன அரங்கில், அதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் நாலு மணிக்குத் தியாகராய நகர், ஏழு மணிக்கு ஆழ்வார்பேட்டை என்று கிளம்பி, முதல் கச்சேரியில் தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தையும் இரண்டாவதைத் தொடங்கிவைக்கும் வர்ணத்தையும் ஆட்டோவில் கழிப்பார். சீசனைத் தூரத்தையும் நேரத்தையும் வைத்துத் திட்டமிட வேண்டும். பெயர்கள் அதற்குள் தானாக வந்து விழும்.

சபா என்ற ஏற்பாடே அகாடமிக்கு முந்தியது. திருவல்லிக்கேணி ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900-லேயே தொடங்கிவிட்டது. டிசம்பருக்கு இந்த மவுசு வந்தது 1927-ல். அந்த ஆண்டு காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியது. அதையொட்டி ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை, வெயில் தணிந்த வானிலை, வெளியூர்க்காரர்கள் வரத் தோதான நேரம் என்று எல்லாம் கூடிவந்ததால் மாதம் நிலைத்துவிட்டது. 2017-ல் யுனெஸ்கோ படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்ததற்குப் பின்னால் இந்த ஒரு மாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தங்குவதற்கு மயிலாப்பூர், இல்லாவிட்டால் ஆழ்வார்பேட்டை. வேறு எங்கே மலிவாகக் கிடைத்தாலும் மிச்சப்படுத்திய பணம் ஆட்டோவுக்குப் போய்விடும். லஸ் முனையை நடுவில் வைத்துக்கொண்டால் ராகசுதா ஹால், ஆர்கே கன்வென்ஷன் சென்டர், ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் எல்லாமே நடந்து போகிற தூரம். பறக்கும் ரயிலுக்குத் திருமயிலை நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்கே டி.டி.கே. சாலைக்குப் போனால் ஒரு பக்கம் அகாடமி, அதே சாலையில் தெற்கே நாரத கான சபா. தியாகராய நகரில் ஸ்ரீ கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும். அந்தப் பக்கம் போகும் நாளை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மயிலாப்பூரோடு கலக்காதீர்கள். மாலை ஐந்தரைக்கு மேல் இந்த இரண்டு வட்டாரங்களுக்கு இடையே போவதற்கு வரைபடம் காட்டும் நிமிடங்களை நம்ப வேண்டாம். போதாக்குறைக்கு மெட்ரோ சுரங்க வேலைக்காக மயிலாப்பூர்த் தெருக்களில் சில வருடங்களாகத் தடுப்பு வைப்பதும் போக்குவரத்தை மாற்றிவிடுவதுமாக இருக்கிறது. நேற்று போன வழி இன்று ஒருவழிப் பாதையாகியிருக்கும்.

பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் சற்று ஒதுங்கி இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத இடம் அது. மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமுமே ஓங்கியிருந்த காலத்தில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு எழுந்த இயக்கத்தின் வீடு. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் 1943-லிருந்து இருக்கிறது. கச்சேரிகளோடு தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் நடத்துகிறார்கள். சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், புரிந்து கேட்க வேண்டும் என்கிறவருக்கு இதைவிடத் தோதான அரங்கு கிடையாது. மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம் என்பதால் போக்குவரத்து நெரிசலும் தொடாது.

இனி நேரம். பெரும்பாலான சபாக்களில் ஒரு நாளில் நாலைந்து கச்சேரி இருக்கும். மதியம் 12 மணிக்கும் 2 மணிக்கும் இளைஞர்கள், 4 மணிவாக்கில் வளர்ந்து வருகிறவர்கள், 6.30, 7 மணிவாக்கில் பிரபலங்கள். மதியக் கச்சேரிக்குப் பல இடங்களில் டிக்கெட்டே கிடையாது, கதவு திறந்திருக்கும், பாதி நாற்காலி காலியாக இருக்கும். சீசனின் உண்மையான லாபம் இங்கேதான். மாலையில் பாடுகிறவருக்குக் கூட்டத்தைத் திருப்திப்படுத்தும் நிர்ப்பந்தம் உண்டு. 12 மணிக்குப் பாடும் இருபத்திரண்டு வயதுப் பையனோ பெண்ணோ ஒரு வருடமாகச் சாதகம் செய்த அபூர்வ ராகத்தையும் கடினமான தாளத்தில் ஒரு பல்லவியையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். இந்த ஸ்லாட்டில் பாடுகிறவர்களுக்குப் பல இடங்களில் சன்மானம் பெயரளவுக்குத்தான். போய் உட்கார்ந்து கடைசிவரை கேட்பது அவர்களுக்கும் ஒரு மரியாதை.

யாரென்றே தெரியாத பெயர்களில் எதைத் தேர்வது? பக்கவாத்தியக்காரர் பெயரைப் பாருங்கள். இளம் பாடகருக்கு மூத்த வயலின் வித்வானோ மிருதங்க வித்வானோ வாசிக்கிறார் என்றால் அந்தக் கச்சேரி அநேகமாக வீண்போகாது. கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று உபபக்கவாத்தியமும் போட்டிருந்தால் தனி ஆவர்த்தனம் சுவாரசியமாக இருக்கும்.

மாலைக் கச்சேரிக்கு எல்லாச் சபாவிலும் முதலில் போவது சீசன் டிக்கெட். அகாடமியில் அது வெளியூர்க்காரர் கைக்கு எட்டுகிற சமாசாரமில்லை. மிச்சமிருக்கும் கொஞ்சம் இடத்துக்கு அன்றன்றைக்கு டிக்கெட் தருவார்கள். பெரிய பெயர் என்றால் காலையிலேயே வரிசை நிற்கும். நிகழ்ச்சி நிரல் நவம்பர் வாக்கில் வந்துவிடுகிறது, மற்ற சபாக்களுக்கு அப்போதே இணையத்தில் எடுத்துவிடலாம். டிசம்பர் 25-லிருந்து ஜனவரி 1 வரை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், அறை வாடகையும் ஏறும். தேதியை மாற்ற முடியும் என்றால் டிசம்பர் 15-க்கும் 22-க்கும் இடையில் வாருங்கள். பாடகர்களின் தொண்டையும் அப்போது புதிதாக இருக்கும். தொடர்ந்து பாடிப் பாடி, ஊர்த் தூசியும் பனியும் சேர்ந்து, மாதக் கடைசியில் மேல் ஸ்தாயியைத் தொடத் தயங்குகிற குரல்களைக் கேட்கலாம். மேடையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் வெந்நீர் பிளாஸ்க் இருப்பது சும்மா இல்லை.

நாற்காலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முன்வரிசை என்றாலே நல்லது என்று நினைக்க வேண்டாம். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கம், காதை அடைக்கும், தம்புரா காணாமல் போகும். பால்கனிக்கு அடியில் கடைசி வரிசைகளில் சத்தம் மந்தமாகும். நடுவில் ஏழாவது வரிசையிலிருந்து பன்னிரண்டாவது வரிசைக்குள் உட்காருவது பத்திரம். ராகசுதா போன்ற சின்ன ஹாலில் இந்தக் கவலையே வேண்டாம். அங்கே தம்புராவின் தந்திக்கடியில் செருகும் ஜீவா என்ற நூல் தரும் ரீங்காரம் கூடக் காதில் விழும்.

கச்சேரிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது பிடிபட்டுவிட்டால் ராகம் தெரியாதது ஒரு குறையாகவே தோன்றாது. இரண்டரை மணி நேரக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். இன்று கேட்கிற இந்த வரிசையை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். முதலில் வர்ணம், குரலும் கைகளும் சூடாவதற்கு. பிறகு விறுவிறுப்பாக ஒன்றிரண்டு கீர்த்தனை, சொல்லில்லாமல் ராகத்தை விரிக்கும் ஒரு சின்ன ஆலாபனை, நிதானமான ஒரு பாட்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனதும் பாடகர் நிமிர்ந்து உட்கார்ந்து, சுருதிப் பெட்டியை ஒருமுறை சரிபார்த்து, நீளமான ஆலாபனை ஒன்றைத் தொடங்குவார். அதுதான் மெயின். பாடகரின் ஆலாபனை, அதையே தன் வழியில் சொல்லும் வயலின், பிறகு கீர்த்தனை, அதில் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகப் பாடும் நிரவல், ஸரிகம எழுத்துகளிலேயே அந்த நேரத்தில் கட்டும் கற்பனை ஸ்வரம், கடைசியில் தனி ஆவர்த்தனம். மூத்தவர்கள் சில இடங்களில் இதற்கு அப்புறம் ஒரு ராகத்தையும் ஒரே ஒரு வரியையும் விரிவாகப் பாடும் ராகம் தானம் பல்லவியும் பாடுவார்கள். கடைசி அரை மணி நேரம் விருத்தம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா என்று சின்னச் சின்னத் துக்கடாக்கள், முடிவில் மங்களம். ஒரு மணி நேரம்தான் இருக்க முடியும் என்றால் தொடக்கத்தில் போய் நடுவில் எழுந்து வராதீர்கள். முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய், ஒரு பாட்டு முடியும் வரை வாசலில் காத்திருந்து உள்ளே நுழையுங்கள்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் கால்வாசிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவதைப் பார்ப்பீர்கள். பழைய கெட்ட வழக்கம். ராகம் தெரியாதவருக்குக் கச்சேரியில் மிகத் தெளிவாகப் புரியக்கூடிய பகுதி இதுதான் என்பது வேடிக்கை. வேண்டியது ஆதி தாளம் மட்டும்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. மொத்தம் எட்டு. மெயின் பாட்டு பெரும்பாலும் இரண்டு களையில் இருக்கும், அதாவது ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை போட வேண்டும். குழம்பினால் பாடகரின் கையைப் பாருங்கள், அவர் தாளத்தை விட மாட்டார். மிருதங்கம் முதலில் தனியாக ஒரு சுற்று வாசிக்கும். அடுத்து கடம் அல்லது கஞ்சிரா. இரண்டாவது சுற்றில் நடை மாறலாம். நாலு நாலாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று மூன்று மூன்றாகவோ ஐந்து ஐந்தாகவோ உருளும், கையில் போடும் தாளம் மட்டும் மாறாது. பிறகு குறைப்பு: இவர் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, அவர் ஒரு ஆவர்த்தனம், அடுத்து பாதி பாதி, கால் கால் என்று சுருங்கிக்கொண்டே வந்து இருவரும் ஒன்றாகச் சேர்வார்கள். முடிவை அறிவிக்கும் மோரா என்ற சொற்கட்டுக்குப் பிறகு கோர்வை, முடிப்புக்காகக் கட்டிய கணக்கு. அதை மூன்று தடவை வாசிப்பார்கள். மூன்றாவது தடவை முடிகிற இடத்தில்தான் பாட்டின் எடுப்பு, அதாவது வரி தொடங்கும் இடம், இருக்கிறது, பாடகர் அங்கே பாட்டின் வரியைப் பிடிப்பார். முதல் தடவை கேட்டு, இரண்டாவது தடவை தாளம் போட்டு, மூன்றாவது தடவை அந்த எடுப்புக்காகக் காத்திருங்கள். கையும் பாட்டும் ஒரே நொடியில் வந்து விழும்போது, எட்டு வரை எண்ணத் தெரிந்த யாருக்கும் அது புரியும்.

மிருதங்கக்காரர் பாட்டுக்குப் பாட்டு வாத்தியத்தைத் திருப்பி, வார்பட்டை ஓரத்தில் கல்லாலும் கட்டையாலும் தட்டிக்கொண்டே இருப்பார். சலிப்பு வேண்டாம். மேடை விளக்குகளின் சூடும் ஏ.சி.யின் குளிரும் மாறி மாறித் தோலைத் தாக்குவதால் வலப்பக்கமான வலந்தலையின் சுருதி நிற்காது. தொப்பியில் அப்பும் ரவை ஈரமும் காய்ந்துகொண்டே இருக்கும். ஆண் குரலுக்குச் சுருதி தாழ்ந்து ஒரு கட்டை வாக்கிலும் பெண் குரலுக்கு உயர்ந்து ஐந்து கட்டை வாக்கிலும் இருக்கும் என்பதால், ஒரே நாளில் இருவருக்கு வாசிக்கிறவர் இரண்டு மிருதங்கத்தோடு வருவார். ஆண் சுருதிக்கு உள்ளது நீளமாகவும் பெண் சுருதிக்கு உள்ளது குட்டையாகவும் இருப்பது பார்த்தாலே தெரியும்.

அதே ஏ.சி. உங்களையும் விடாது. அரங்குக்குள் சால்வை இல்லாமல் மூன்று மணி நேரம் உட்கார முடியாது. வடகிழக்குப் பருவமழையின் வால் டிசம்பர் நடுவாக்கில் ஒருநாள் எட்டிப்பார்க்கும், ஆகவே மடக்குக் குடையும் வேண்டும். உடைக்கு விதி எதுவும் கிடையாது. பட்டுப்புடவைகளின் அணிவகுப்பைப் பார்த்து மிரள வேண்டாம்.

கேன்டீனைப் பற்றிக் கேட்காதவர் கிடையாது. பல சபாக்களில் கச்சேரி டிக்கெட் இல்லாமலே சாப்பிடலாம், அதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. இலைச் சாப்பாட்டுக்கு 12.30-லிருந்து 1.30 வரை போகாதீர்கள், நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நிற்பார். 11.30-க்கே போய்விட்டால் நிம்மதி, 12 மணிக் கச்சேரிக்கும் சரியாக வரும். மாலை டிபன் 3.30-க்கு. கீரை வடை, ரவா தோசை, ஒரு காசி அல்வா, காபி. வெண்பொங்கலை மதியக் கச்சேரிக்கு முன்னால் சாப்பிட்டால் ஆனந்தபைரவி ஆலாபனை தாலாட்டாகிவிடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நடனம் பார்க்க ஆசை என்றால் டிசம்பர் கடைசி வாரம் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவும், ஜனவரி முதல் வாரத்தில் அகாடமியின் நாட்டிய விழாவும். கிருஷ்ண கான சபா 1981-லிருந்து நாட்டிய கலா மாநாடு நடத்துகிறது. காலை நேர விளக்க நிகழ்ச்சிகள் புதியவருக்கு நல்ல நுழைவாயில். நடனத்துக்கு நாற்காலிக் கணக்கு வேறு. முதல் இரண்டு மூன்று வரிசையில் உட்கார்ந்தால் மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும். காலடி அசைவான அடவு கண்ணில் படாத பரதநாட்டியம் பாதிதான். ரொம்பப் பின்னால் போனால் கண்ணும் புருவமும் தெரியாது. நடுவில் ஐந்திலிருந்து பத்தாவது வரிசை. வர்ணம் அரை மணி நேரத்துக்கு மேல் போகும், அதைப் பார்க்காமல் எழுந்தால் மார்க்கத்தின், அதாவது நடனக் கச்சேரி வரிசையின், முதுகெலும்பையே விட்டதாகும்.

காலையில் தூங்கிவிடாதீர்கள், ஒரு நாளாவது. ஐந்தரை மணிவாக்கில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மாட வீதிகளில் பஜனை வரும். பாபநாசம் சிவன் நடத்திய வழக்கம், இன்னும் விடாமல் பாடுகிறார்கள். மைக் கிடையாது, மேடை கிடையாது. வாசல்களில் கோலத்தின் நடுவே சாணிப் பிடியில் செருகிய பூசணிப்பூ, கோயிலில் திருவெம்பாவை, திரும்பும் வழியில் காபி. அப்படியே கிழக்கே நடந்தால் அரை மணி நேரத்துக்குள் கலங்கரை விளக்கத்தருகே மெரினா. வாடைக்காற்று அடிக்கும் மாதம், கடல் பழுப்பாகக் கலங்கி இருக்கும், மப்ளர் சுற்றிய தலைகளாகத் தெரியும். பாட்டுக்காரர்கள் மட்டும் இந்தக் காற்றுக்குப் பயந்து அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார்கள். எட்டு மணிவாக்கில் அகாடமியில் விரிவுரை விளக்கம் தொடங்கும். ஒரு ராகத்தையோ பாட்டு இயற்றிய ஒரு வாக்கேயக்காரரையோ எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடிக் காட்டிப் பேசுவார்கள். பாதி புரியாமல் போகலாம். புரிந்த பாதி மாலையில் உதவும். வைகுண்ட ஏகாதசி அன்று திருவல்லிக்கேணிப் பக்கம் வண்டியில் போக நினைக்காதீர்கள்.

ஆக ஒரு நாள் இப்படி இருக்கட்டும்: காலை விரிவுரை, 11.30-க்குச் சாப்பாடு, 12 மணிக் கச்சேரி, அறைக்குப் போய் இரண்டு மணி நேரத் தூக்கம், மாலையில் 4 மணியோ 7 மணியோ ஏதாவது ஒன்று. இரண்டுக்கு மேல் கேட்டால் காது வாங்காது. மூன்றாவது கச்சேரியில் எல்லா ராகமும் கரகரப்ரியா மாதிரி ஒலிக்கத் தொடங்கும். நடுவில் ஒரு நாளைக் கச்சேரியே இல்லாமல் விட்டுவிடுங்கள்.

அரங்க ஒழுக்கம் கொஞ்சம்தான். ஆலாபனை நடுவில் எழுந்து போகாதீர்கள், பாட்டு முடிந்ததும் போங்கள். பதிவு செய்யக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஓங்கித் தாளம் போட்டால் இடம் மாறிக்கொள்ளுங்கள், அவர் தவறாகத்தான் போடுவார். வயலின் ஆலாபனைக்கும் கைதட்டுங்கள், மறந்துவிடுகிறார்கள்.

சபாவுக்குள் நீங்கள் பார்க்கும் முகங்கள் ஊரின் முகங்களில் ஒரு சிறு பகுதி என்பது இரண்டாவது நாளே தெரிந்துவிடும். பாடுகிறவர்களிலும் கேட்கிறவர்களிலும் பிராமணர்களே மிகுதி. இதை எதிர்த்துப் பேசிய பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015-ல் டிசம்பரில் பாடுவதை நிறுத்தினார். 2024-ல் அகாடமி அவருக்கே தன் பெரிய விருதான சங்கீத கலாநிதியை அறிவித்தபோது அது பெரிய சர்ச்சையானது. அதே 2015-ல் பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவே, கர்நாடக இசையையும் பறையையும் ஒரே மேடையில் வைத்து விழா தொடங்கினார்கள். 2020-லிருந்து இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் மார்கழியில் மக்களிசை நடத்துகிறது. கானா, ஒப்பாரி, பறை எல்லாம் அதில் உண்டு. ஏழு நாளில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். காலையில் மிருதங்கத்தின் நடையை எண்ணிய கைக்குப் பறையின் அடியை எண்ண வராமல் போகாது. இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்கிற வாய்ப்பு இந்த ஊரைத் தவிர வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது.

பயணத்தைப் பொங்கல் வரை தள்ளிப்போட முடியும் என்றால் கணக்கே மாறும். 2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023-ல் அரசு மறுபடி எடுத்து நடத்தும் சென்னை சங்கமத்தில் கரகமும் ஒயிலாட்டமும் தப்பாட்டமும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்துவிடும். டிக்கெட் கிடையாது, கேன்டீன் டோக்கன் கிடையாது. அதற்குள் சபாக் கூட்டம் வடிந்து அறை வாடகையும் இறங்கியிருக்கும். நாட்டிய விழாவின் கடைசி நாட்கள் இரண்டையும் இங்கே இரண்டு மாலைகளையும் சேர்த்து ஒரே பயணத்தில் முடித்துவிடலாம். ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டை மட்டும் முன்பதிவு திறக்கிற அன்றே எடுத்துவிடுங்கள். பொங்கல் வாரத்தில் தட்கலில் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ நின்றபடிதான் பொங்கல் கொண்டாடுவார்கள்.